அடுத்த வாரத்து ரத்து

கடிகாரக்காரி என்றதும் கடிகாரம் விற்கிறவள், பழுது பார்க்கிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் கையில் ஒரு வாட்ச்கூடக் கிடையாது. கட்டினால் அரிக்கிறதாம். அவள் வேலையே வேறு. பல ஊர்களில், பெரிய பெரிய கூடங்களில், குளிர்சாதனம் ஓயாமல் இரைய, வரிசை வரிசையாக நிற்கும் சர்வர் கணினிகள் அத்தனையையும் ஒரே நேரம் காட்ட வைப்பது. அவற்றில் ஒன்று கண்ணிமைக்கும் நேரம் பிந்தினாலும் அவளுக்குப் பொறுக்காது. அலுவலகத்தில் யாரோ விளையாட்டாக வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. சம்பளச் சீட்டில் மட்டும்தான் இன்னும் அவளுடைய சொந்தப் பெயர் இருக்கிறது.

இப்படிப்பட்ட கறார் பேர்வழி சொந்த வாழ்க்கையில் எங்கேயாவது நேரத்துக்குப் போயிருக்கிறாளா என்று கேட்டுப் பாருங்கள். ம்ஹும்! தன் கல்யாணத்துக்கே தாமதமாகப் போனவள் அவள். பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர்கள் இரண்டாவது டீயும் குடித்துவிட்டு, 'பொண்ணுக்கு இஷ்டம்தானே?' என்று மாப்பிள்ளையிடம் ஜாடையாக விசாரிக்கத் தொடங்கிய பிறகுதான் மூச்சிரைக்க ஓடி வந்தாள். அந்த மாப்பிள்ளையோ பஸ் டிரைவர். நிமிடம் பிசகாமல் வண்டியை எடுக்கிற மனிதர். கடவுள் சில ஜோடிகளைச் சேர்க்கும்போது கொஞ்சம் குறும்பாக இருந்திருப்பார் போலிருக்கிறது. "இதோ, அஞ்சே நிமிஷம்" என்பது அவள் வாயில் தினம் வரும் வாசகம். அந்த ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று எந்த சர்வராலும் அளந்து சொல்ல முடியாது.

அவள் வேலை செய்யும் நிறுவனம் ஆஸ்பத்திரிகளின் முன்பதிவுகளைக் காத்து வைக்கிறது. யாருக்கு எந்த டாக்டர், எந்த நாள், என்ன ஆபரேஷன் என்ற விவரமெல்லாம் அவர்களிடம்தான். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தால் அங்கே மின்சாரம் போனதும் குடி முழுகிவிடும். அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் பல ஊர்களில் பிரதி உண்டு. ஓரிடத்தில் மாற்றினால் மற்ற இடங்களுக்கும் செய்தி போகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாலு பேரிடம் சொல்லி வைத்த சேதி என்றைக்கு நாலு பேரிடமும் ஒன்றாக இருந்திருக்கிறது? ஒரு பிரதி 'பதிவு இருக்கிறது' என்று சொல்லும். இன்னொரு பிரதி 'அது ரத்தாகிவிட்டதே' என்று சொல்லும். அப்போது எதை நம்புவது?

அதற்கு அங்கே ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மாற்றத்தின் தலையிலும் அது எழுதப்பட்ட நேரம் முத்திரையாகக் குத்தப்பட்டிருக்கும். எந்த முத்திரை பிந்தியதோ, அதுவே செல்லும். கடைசியில் பேசியவர் சொன்னதே சரி என்பது பல வீடுகளிலும் நடைமுறையில் இருக்கிற சட்டம்தான், புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சட்டம் நிற்பதே சர்வர்களின் கடிகாரங்களை நம்பித்தான். கடிகாரம் தப்பினால் நியாயமும் தப்பிவிடும். 'நேரத்தில் பொய் எழுதாதே' என்று கொட்டை எழுத்தில் எழுதித் தன் மேஜைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தாள் கடிகாரக்காரி. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

இனி அவள் மாமனாருக்கு வருவோம். அவர் ஒரு காலத்தில் கால்பந்து ரெஃப்ரி. உள்ளூர் ஆட்டம், வெளியூர் ஆட்டம் எல்லாவற்றுக்கும் விசிலும் கையுமாகப் போனவர். கொடுத்த தீர்ப்பை ஒரு தடவைகூட மாற்றியதில்லை என்பது அவருடைய பெருமை. அப்போதே மைதானத்தில் பாதிப் பேர் 'உனக்குக் கண்ணு தெரியலையாடா!' என்று கத்துவார்களாம். இப்போது நிஜமாகவே தெரியவில்லை. இரண்டு கண்ணிலும் புரை முற்றிப்போய், ஆளைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார். போன மாதம் மருந்துக்கடையில் ஒரு பெரியவருக்கு வெகுநேரம் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அது இருமல் மருந்து விளம்பரத்துக்காக நிறுத்தி வைத்த அட்டை ஆள்.

"அவரும் ரொம்ப மரியாதையாத்தான் நின்னாரு" என்று வீட்டில் வந்து சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அதே வாரம் தெருவைக் கடக்கும்போது ஒரு வண்டி அவரை உரசிக்கொண்டு போனது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

ஆபரேஷனுக்கு அவரைச் சம்மதிக்க வைப்பதற்குள் மகனுக்கும் மருமகளுக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. வலிக்கு அஞ்சுகிற ஆள் இல்லை அவர். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு விஷயத்தைச் சொல்லிக் கெடுத்துவிட்டார்: அந்த ஆபரேஷனில் மயக்கமெல்லாம் கொடுக்கமாட்டார்கள், முழித்துக்கொண்டே இருக்க வேண்டும். "கண்ணுக்குள்ள கத்தி வர்றத அந்தக் கண்ணாலயே பாக்கணுமா?" என்பார் மாமனார். கடைசியில் எப்படியோ தலையாட்டினார். அந்த ஆஸ்பத்திரிக்கு நல்ல கண் சர்ஜன் ஒருவர் எப்போதாவதுதான் வருவார். அடுத்த வாரம் புதன்கிழமை வருகிறார். அதை விட்டால் மறுபடி எப்போது என்று அவர்களுக்கே தெரியாது. அன்றைக்கே பதிவு செய்தார்கள்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து மகனுக்குப் போன். ஆபரேஷன் ரத்தாகியிருக்கிறது, காரணம் தெரிந்துகொள்ளலாமா என்று கேட்டார்கள்.

"அப்பா, நீங்க போன் பண்ணி வேணாம்னீங்களா?"

"நானா? நான் எதுக்குப் பண்றேன்?" என்றார் மாமனார், சுவரைப் பார்த்து. அந்தச் சுவரில்தான் மகன் நிற்பதாக நினைத்தாரோ என்னவோ.

சரி, ஏதோ தவறு என்று மறுபடி பதிவு செய்தார்கள். வரவேற்பில் இருந்த பெண் "ஆயிடுச்சு சார்" என்றாள். மறுநாள் பார்த்தால் ரத்து. மறுபடி பதிவு. மறுபடி ரத்து. பஸ் டிரைவருக்கு வந்ததே கோபம்! "நான் லீவு போட்டுட்டு, சர்ஜனுக்காக அலைஞ்சிட்டு இருக்கேன். இவரு பின்னாலயே போன் பண்ணிக் கெடுத்துட்டு இருக்காரு. சின்னப் பிள்ளையா நீங்க?" என்று கத்திவிட்டு, அப்பாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

கடிகாரக்காரியும் லேசுப்பட்டவள் இல்லை. "மாமா, எங்க சிஸ்டம் அப்படியெல்லாம் தானா ஒண்ணும் பண்ணாது. யாராவது சொன்னாத்தான் ரத்தாகும். பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க, பொய் எதுக்கு?" என்று கேட்டாள். 'எங்க சிஸ்டம்' என்று சொல்லும்போது அவள் கழுத்து ஒரு விரற்கடை நீண்டதை நாமாவது பார்த்து வைத்துக்கொள்வோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மகன் வண்டியெடுக்கப் போன பிறகு, மாமனார் அடுக்களை வாசலில் வந்து நின்றார். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்லணும்மா. முதல் தடவை நான்தான் பண்ணேன். காலைல, நீங்க ரெண்டு பேரும் போனப்புறம். பயந்துட்டேன்."

"அதத்தானே மாமா அப்பவே கேட்டோம்."

"இரு, சொல்லி முடிச்சுக்கிறேன். அன்னைக்கு சாயந்தரமே எனக்கு வெக்கமாப் போச்சு. அதுக்கப்புறம் நான் போனைத் தொடவே இல்ல. ரெண்டாவதும் மூணாவதும் நான் பண்ணல. நீ நம்பினாலும் நம்பாட்டியும் இதுதான் நடந்தது."

அவள் குழாயை மூடினாள். பொய் சொல்கிற ஆள் முதல் குற்றத்தைத் தானாக வந்து ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? அதை ஒப்புக்கொண்டவர் மற்ற இரண்டையும் சேர்த்தே ஒப்புக்கொண்டிருக்கலாமே? ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, "அந்த முதல் போன் என்னைக்குப் பண்ணீங்க மாமா?" என்று கேட்டாள்.

"சினிமாவுக்குப் போய்ட்டு வந்தீங்களே, அதுக்கு மறுநாள் காலைல."

சினிமா என்ற சொல்லைக் கேட்டதும் அவள் ஓடிப்போய் மடிக்கணினியை எடுத்து வந்தாள்.

அந்த சினிமா நாளில் நடந்தது இதுதான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் நோயாளிகளுக்கு நினைவூட்டல் ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்பதற்காக, சும்மா கிடந்த ஒரு சர்வரின் கடிகாரத்தை அவள் முன்னே தள்ளி வைத்திருந்தாள். அது அடுத்த வாரத்து வெள்ளிக்கிழமையில் இருந்தது. கடிகாரம் தப்பினால் அலறும் எச்சரிக்கையையும், தொல்லை என்று அந்த ஒரு சர்வருக்கு மட்டும் அணைத்து வைத்தாள். சோதனை பாதியில் இருக்கும்போது கணவர் போன். "படம் போட்டுருவான், எங்க இருக்க?" "இதோ, அஞ்சே நிமிஷம்!" கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடியவள்தான். கடிகாரத்தைத் திருப்பி வைக்கவில்லை, எச்சரிக்கையைத் திரும்பப் போடவும் இல்லை. மறுநாள் காலை கூட்டம் அதிகமாகி மற்ற சர்வர்கள் திணறவே, அலுவலகத்தில் 'பரபரப்பு' என்று பெயரெடுத்த இளைஞன் அந்தச் சும்மா கிடந்த சர்வரையும் வேலைக்கு இழுத்துவிட்டான். மதியம் வழக்கமான நேரச் சரிபார்ப்பு வந்து கடிகாரத்தைச் சத்தமில்லாமல் திருத்திவிட்டுப் போயிற்று. நோய் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

ஆனால் அந்தக் காலையில் அந்த சர்வர் எழுதியதெல்லாம் அப்படியே இருந்தது.

மடிக்கணினியைத் திறந்து மாமனாரின் பதிவை எடுத்தாள். ரத்து. அதன் தலையில் முத்திரை: வரப்போகிற வெள்ளிக்கிழமை. அதற்குப் பிறகு செய்த பதிவுகள் எல்லாம் உண்மையான தேதியோடு, பரிதாபமாகத் தோற்றுக் கிடந்தன. தோற்காமல் என்ன செய்யும்? வராத நாளில் சொன்ன சொல்லை, இன்றைக்குச் சொல்லி எப்படி ஜெயிப்பது? வரவேற்புப் பெண் நூறு தடவை பதிவு செய்தாலும் 'ஆயிடுச்சு' என்று திரையில் காட்டும். கொஞ்ச நேரத்தில் பிரதிகள் கூடிப் பேசி, பிந்திய முத்திரைதான் பெரிது என்று முடிவெடுத்து, மறுபடி ரத்தாக்கிவிடும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பாவத்தைச் செய்தவள் பழி சுமந்தவருக்குப் பொய் சொல்லக் கூடாதென்று பாடம் நடத்தியிருக்கிறாள்!

"என்னம்மா, என்ன போட்டிருக்கு?" என்றார் மாமனார், வாசலிலேயே நின்றபடி.

"மாமா, நான் ஆபீசுக்குப் போய்ட்டு வந்து சொல்றேன். தப்பு உங்க மேல இல்ல. இத மட்டும் இப்பச் சொல்லிடுறேன்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூட மாற்றாமல் கிளம்பினாள்.

அவளுடைய மேலதிகாரிக்கு 'ஆகட்டும்' என்று பெயர். கட்டடம் தீப்பிடித்தாலும் "ஆகட்டும், பார்க்கலாம்" என்று சொல்லக்கூடிய மனிதர். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக அவரையும் பரபரப்பையும் வரவழைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். பரபரப்பு வெலவெலத்துப்போய், "நான் அந்த சர்வரை எடுத்திருக்கக் கூடாது அக்கா" என்றான்.

"நீ எடுத்ததுல தப்பே இல்ல. எடுத்துப் போடுற மாதிரிதான அது இருந்தது. எச்சரிக்கைய அணைச்சது நான், கடிகாரத்தத் திருப்பாமப் போனதும் நான்" என்றாள் கடிகாரக்காரி.

ஆகட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தக் காலைல மாத்தினவங்க அத்தனை பேருக்குமா இது?"

"அதுக்கப்புறம் யார் யார் மறுபடி மாத்தினாங்களோ, அவங்களுக்கு சார். மாத்தினது நிக்கவே நிக்காது."

"வெள்ளிக்கிழமை வந்தா தானாச் சரியாயிடுமே? அதுக்கப்புறம் எழுதுறதெல்லாம் நிக்குமில்ல? ஆகட்டும், பார்க்கலாமே."

"வெள்ளிக்கிழமை சரியாயிடும் சார். என் மாமனாருக்கு ஆபரேஷன் புதன்கிழமை. இன்னொரு அம்மாவுக்கு நாளைக்கே இருக்கு."

அவருக்கே அதற்குமேல் 'ஆகட்டும்' வரவில்லை. எல்லா ஊர்ப் பிரதிகளையும் ஒரே சமயத்தில் நிறுத்திவிட்டுத் திருத்தலாம். ஆனால் அதுவரை எந்த ஆஸ்பத்திரியிலும் எந்தப் பதிவையும் பார்க்க முடியாது. அவசரத்துக்கு வருகிறவர்கள் என்ன ஆவார்கள்? மிச்சம் இருந்தது ஒரே வழி. பொய்யான அந்த வெள்ளிக்கிழமையை ஜெயிக்க, சரியான பதிவை அதைவிடப் பிந்திய ஒரு பொய் நேரத்தில் எழுத வேண்டும். அதாவது, தன் மேஜைக்கு மேலே ஒட்டி வைத்த வாசகத்துக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு, அதைத் தானே மீற வேண்டும். வேலியே பயிரை மேய்வது என்பார்களே, அதுதான். பரபரப்பு அந்த வாசகத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "பாக்காத, எழுது" என்றாள். இரண்டு பேருமாக ஒவ்வொரு பதிவாகச் சரிபார்த்து, சனிக்கிழமைத் தேதி போட்டு எழுதினார்கள்.

அதோடு விட்டாளா? பாதிக்கப்பட்டவர்கள் எல்லோருக்கும் தானே போன் செய்தாள். திட்டு வாங்குவதற்கென்றே ஒரு ஞாயிற்றுக்கிழமை! ஒருவர் வக்கீலைக் கூப்பிடுவேன் என்றார். ஒரு அம்மா மட்டும் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ அந்த ரிசப்ஷன் பொண்ணு பொய் சொல்லலையா? பாவி, அதை அழ வெச்சுட்டேனே" என்றாள். தவறு ஒன்றுதான். அதனால் எத்தனை வீட்டில், எத்தனை மேஜையில், நிஜத்தைச் சொன்னவர்கள் பொய்யர்களாகி உட்கார்ந்திருந்தார்களோ!

வீடு திரும்பும்போது விளக்குப் போடும் நேரம். கணவர் வேலை முடிந்து வந்து சீருடையை மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். மாமனார் டிவிக்கு ஒரு சாண் தள்ளி நாற்காலி போட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் டிவியை நிறுத்திவிட்டு, இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். சினிமா, கடிகாரம், வெள்ளிக்கிழமை எல்லாம். "மாமா ஒரு தடவைதான் ரத்து பண்ணினாரு. மத்த ரெண்டும் என்னால ஆனது. நான் அவரைப் பொய் சொல்றாருன்னு சொன்னேன். என்னை மன்னிச்சுக்கோங்க மாமா."

கணவர் எழுந்து அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "நானும்தான்பா. ரொம்பக் கத்திட்டேன்."

மாமனார் மகனின் தோளைத் தடவிப் பார்த்தார். பிறகு, "மைதானத்துல ஆயிரம் பேர் கத்துவான். குருடன்பான், திருடன்பான். வீட்டுக்கு வந்து நல்லாத் தூங்குவேன். அவன் யாரோ, நான் யாரோ. ஆனா நீங்க ரெண்டு பேரும் நம்பலன்னதும் எனக்குத் தாங்கல. ராத்திரியெல்லாம் நான்தான் மறந்துபோய்ப் போன் பண்ணிட்டேனோன்னு என் மேலேயே சந்தேகம் வந்துருச்சு" என்றார். மருமகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொண்ணும் சொல்லணும் மாமா. இப்ப உங்க பதிவு சனிக்கிழமைத் தேதில இருக்கு. புதன்கிழமைக்குள்ள நீங்க போன் பண்ணி வேணாம்னா, சரிம்பாங்க. ஆனா அது நிக்காது. பழையபடி ஆபரேஷன்னே வந்துடும்."

"அடிப்பாவி! அப்ப என்னைக் கட்டிப்போட்டுட்டியா?"

"இல்ல மாமா. வேணாம்னு தோணிச்சுன்னா என்கிட்ட சொல்லுங்க. நான் நேர்ல போய் டாக்டர்கிட்டயே சொல்லிடுறேன். ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கமாட்டேன். உங்க மகனும் கேக்கமாட்டாரு."

மகன் தலையாட்டினார். தலையாட்டியது அப்பாவுக்குத் தெரியாது என்பது உறைத்ததும், "கேக்கமாட்டேன்பா" என்று வாய்விட்டுச் சொன்னார்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. நடுநடுவே "ஏம்மா..." என்று ஆரம்பிப்பார். அவள் கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பாள். "ஒண்ணுமில்ல, தண்ணி" என்பார். அந்த இரண்டு நாளில் அவர் குடித்த தண்ணீரில் ஒரு யானை தாராளமாகக் குளித்திருக்கலாம்.

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் பச்சை உடுப்பு மாட்டி, தலையில் ஒரு பிளாஸ்டிக் தொப்பி போட்டு, அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உள்ளே தள்ளிக்கொண்டு போக வந்த நர்ஸ் கையிலிருந்த திரையைப் பார்த்தாள். புருவத்தை உயர்த்தினாள்.

"பெரியவரே, திரும்பத் திரும்ப கேன்சல் பண்ணினது நீங்கதானா? இங்க எல்லாருக்கும் உங்களைத் தெரியும். மூணு தடவை!"

மாமனார் வாயைத் திறந்தார். சொல்லி என்ன பயன், யார் நம்பப்போகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, மறுபடி மூடிக்கொண்டார். அவர் விரல்கள் நாற்காலிக் கைப்பிடியை இறுக்கின.

"ஒரு தடவைதான் சிஸ்டர்" என்றாள் கடிகாரக்காரி. வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு உரக்கச் சொன்னாள். "அவர் பண்ணினது ஒரே ஒரு தடவை. அதையும் அவரே சொல்லிட்டாரு. மத்த ரெண்டும் நான் பண்ணின தப்பு. உங்க சிஸ்டத்தோட கடிகாரத்தைப் பாத்துக்கிறது நான்தான்."

நர்ஸ் அவளையும் அவரையும் பார்த்தாள். "சரி, ஒரு தடவை" என்றாள்.

மாமனாரின் விரல்கள் மெல்லத் தளர்ந்தன. குரல் வந்த திசைக்குத் தலையைத் திருப்பி, "பயமாத்தான் இருக்கும்மா" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படியாகவே.

"வேணாமா மாமா? சொல்லுங்க, இப்பவே போய்ச் சொல்லிடுறேன்."

"நீ சொல்லுவ, எனக்குத் தெரியும்" என்றார் அவர். பிறகு நர்ஸிடம், "தள்ளும்மா, போலாம்" என்றார்.